மாத்திரையை இடித்துக் கொடுக்கலாமா? அப்பாவுக்கு விழுங்க முடியவில்லை

தாமிரபரணிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாளையங்கோட்டை. அப்பாவுக்கு 71 வயது. போன மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, ஆனால் விழுங்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. குழைந்த சாதம் மெதுவாக இறங்குகிறது. மாத்திரையைப் போட்டால் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். தண்ணீரோடு கொடுத்தால் புரை ஏறி இருமுகிறார்.

பக்கத்து வீட்டு அத்தை, "எல்லாத்தையும் மொத்தமா இடிச்சுத் தேன்ல குழைச்சுக் குடுத்துருங்க, எங்க மாமாவுக்கு அப்படித்தான் குடுத்தோம்" என்கிறார். அம்மாவும் இஞ்சி இடிக்கிற சின்ன உரலைக் கழுவித் தயாராக வைத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. "பொறுங்கம்மா, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பவை: காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் 40. காலைச் சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். சேர்ந்த ஒரே மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5. வலிப்பு வராமல் இருக்க லெவெடிராசெட்டம் 500, காலை ஒன்று இரவு ஒன்று. இரவில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்த ஒரு காப்ஸ்யூல். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் 0.4 காப்ஸ்யூல். இவற்றில் எதை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரந்தைக்காரி எழுதியது:

தம்பி, உரலை நிறுத்தி வைத்தீர்களே, அதுவே பெரிய காரியம். நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நிற்கிற கூட்டத்தில் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லவே நேரம் போதாது. அதனால் இந்த விஷயம் பல வீடுகளுக்குப் போய்ச் சேருவதே இல்லை. உங்கள் சீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மருந்துப் பொடியை அழுத்திக் கட்டியாக்கினால் மாத்திரை என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆரம்பத்தில் அது உண்மைதான். 1843இல் இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கெடன் என்ற ஓவியர், பென்சிலுக்கான காரீயப் பொடியையும் மருந்துப் பொடியையும் அச்சில் வைத்து அழுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் சாதாரண மாத்திரை அந்த ரகம்தான். வயிற்றில் போய் உடைய வேண்டியது உரலிலேயே உடைகிறது, அவ்வளவுதான். உங்கள் அப்பாவின் அம்லோடிபின் இந்த ரகம். இடிக்கலாம். வெளிச்சம் பட்டால் கெடும் மருந்து என்பதால் இடித்த உடனே கொடுத்துவிடுங்கள், காலையில் இடித்து மூடி வைத்து மதியம் கொடுப்பது வேண்டாம்.

பான்டோப்ரசோல் அப்படி இல்லை. அமிலத்தைக் குறைக்கக் கொடுக்கிற மருந்து, ஆனால் அமிலம் பட்டால் அதுவே கெட்டுவிடும். அதனால் வயிற்றின் அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போன பிறகே கரைகிற பூச்சு ஒன்றை அதன் மேல் போட்டிருக்கிறார்கள். மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியாகத் திரும்பி வந்துதான் வயிற்றில் அமிலம் சுரக்கும் செல்களை அடக்குகிறது. இடித்தால் பூச்சு போய்விடும். மருந்தில் பெரும்பகுதி வயிற்றிலேயே வீணாகும். அதற்காக நிறுத்திவிடவும் கூடாது, ஏனென்றால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் ரத்தக் கசிவு வராமல் காப்பது அதுதான். லான்சோப்ரசோலில் நாக்கில் வைத்தால் கரைகிற மாத்திரை இருக்கிறது, மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒமிப்ரசோலோ ஈசோமிப்ரசோலோ மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ரத்தக்கட்டி உருவாகாமல் தடுக்கிற குளோபிடோக்ரலின் வேலையை அவை இரண்டும் குறைக்கும். பக்கவாதம் வந்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சர்க்கரை மாத்திரை. பெரும்பாலும் இரண்டு நிறத்தில் இரண்டு அடுக்காக இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஓர் அடுக்கில் கிளிமிபிரைடு உடனே கரையும். மற்ற அடுக்கில் மெட்ஃபார்மின் தண்ணீர் பட்டதும் ஊதிக் கூழாகி, அதிலிருந்து மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் கசியும். எஸ்.ஆர். என்ற எழுத்துக்கு அதுதான் பொருள். இடித்தால் நாள் முழுவதற்குமான மெட்ஃபார்மின் ஒரே மூச்சில் இறங்கும். வயிறு புரட்டும், வயிற்றுப்போக்கு வரும். பிறகு மறுநாள் வரை மருந்தே இருக்காது. சாதாரண மெட்ஃபார்மினை இடிக்கலாம், கிளிமிபிரைடு தனி மாத்திரையையும் இடிக்கலாம். இரண்டையும் பிரித்து, வேளைக் கணக்கை மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் இடிப்பதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். அப்பா இப்போது பழைய அளவில் சாப்பிடுகிறாரா? பாதிச் சாப்பாடுதான் இறங்குகிறது என்றால், கிளிமிபிரைடு பழைய அளவிலேயே போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அவருக்குப் பேச்சும் சரியாக வராததால் "கிறுகிறுன்னு வருது" என்று சொல்லக்கூட முடியாது. குளுக்கோமீட்டர் இருந்தால் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அத்தை சொன்ன தேனும் இவருக்கு வேண்டாம்.

லெவெடிராசெட்டம் மேலே இருப்பது மெல்லிய பூச்சு, கசப்பை மறைக்க மட்டும். எழுத்தில் இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று எதுவும் சேராத சாதாரண 500 என்றால் இடிப்பதில் மருந்துக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கசப்பு தாங்காது, துப்பிவிடுவார். சிரப் கிடைக்கிறது. 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ளது என்றால் 500 மி.கி.க்கு 5 மி.லி. இந்த மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது.

மூன்று மருந்து சேர்ந்த காப்ஸ்யூல்: மூடியைத் திறந்தால் உள்ளே குட்டி மாத்திரைகளோ சின்ன மணிகளோ இருக்கும். அவற்றில் ஆஸ்பிரினுக்குக் குடலில் கரையும் பூச்சு இருக்கும், மற்ற இரண்டுக்கும் அது தேவையில்லை. எது எது என்று பார்த்துப் பொறுக்குகிற வேலை வீட்டில் வேண்டாம். மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் இடிக்கலாம். ஆஸ்பிரினைத் தண்ணீரில் கரைகிற வகையாக மாற்றலாம்.

டாம்சுலோசின் காப்ஸ்யூலுக்குள் இருக்கும் மணி ஒவ்வொன்றும் மெதுவாகவே மருந்தை விடும்படி செய்யப்பட்டது. இடித்தாலோ மென்றாலோ மொத்தமாக இறங்கி, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். ஒரு கால் வலுவிழந்தவர் தலைசுற்றி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். இதற்கு வீட்டில் செய்யக்கூடிய மாற்று இல்லை. சிறுநீரக மருத்துவர்தான் வேறு மருந்து யோசிக்க வேண்டும்.

இனிமேல் புது மருந்து எழுதும்போது நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி. அட்டையில் பிராண்டு பெயரோடு மருந்தின் முழுப் பெயரையும் போட்டிருப்பார்கள். அங்கே "கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்", "என்டெரிக் கோட்டட்", "டிலேய்டு ரிலீஸ்" என்று இருந்தால் குடலில் கரையும் ரகம். "சஸ்டெயின்டு", "புரோலாங்டு", "எக்ஸ்டெண்டட்", "மாடிஃபைடு ரிலீஸ்" என்றால் மெல்லக் கசியும் ரகம். "டிஸ்பெர்சிபிள்" என்றால் ஒரு ஸ்பூன் தண்ணீரில் தானே கரையும், இடிக்கவே வேண்டாம். பிராண்டு பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்று இல்லாததால் சாதாரண மாத்திரை என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் பான்டோப்ரசோல் அட்டையையே எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பிராண்டு பெயரோடு 40 என்ற எண் மட்டும்தான் இருக்கும். நாலு மாத்திரை என்று வெட்டி வாங்கினால் அந்த முழுப் பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடமே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குங்கள்.

இடிக்கலாம் என்று மருத்துவர் சொன்னவற்றையும் ஒவ்வொன்றாக இடியுங்கள். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் சேர்த்து அரைக்கக் கூடாது. உரல் வேண்டாம். கல்லின் சொரசொரப்பில் மருந்து தங்கும், மறுநாள் அதிலேயே இஞ்சி இடிப்பீர்கள். மாத்திரை பொடிக்கிற பிளாஸ்டிக் டப்பா மெடிக்கலில் கிடைக்கும். பொடியை ஒரு கிண்ணம் சாதத்தில் கலக்காதீர்கள். பாதியில் போதும் என்று கையால் தள்ளிவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு ஸ்பூனில் கலந்து முதல் வாயாகக் கொடுங்கள்.

பேச்சுப்பயிற்சி_மதுரை எழுதியது:

கரந்தை அக்கா சொன்னது எல்லாம் சரி. ஒரு முக்கியமான விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். நான் விழுங்கும் பயிற்சி கொடுக்கிறவள்.

விழுங்க முடியாதவருக்கு மாத்திரையை சிரப்பாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குக் கெட்டியானதைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. மெல்லிய திரவம் தொண்டைக்கு வேகமாக வந்துவிடும், அதற்குள் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளாது. உங்கள் அப்பாவுக்குக் குழைந்த சாதம் இறங்குகிறது, தண்ணீர் புரை ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாதம் இறங்குகிறதே என்று இருந்துவிடாதீர்கள். எந்தப் பதத்தில் என்ன கொடுக்கலாம் என்று ஒரு தெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். அதுவரை 5 மி.லி. சிரப்பை அப்படியே வாயில் ஊற்ற வேண்டாம்.

முதுகு நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில்தான் மருந்து. படுக்கையில் சாய்த்துவைத்துக் கொடுக்கவே கூடாது. கொடுத்த பிறகு அரை மணி நேரம் அப்படியே உட்கார வையுங்கள். வலது கன்னத்துக்குள் விரலில் துணி சுற்றித் தடவிப் பாருங்கள், வலுவிழந்த பக்கத்தில்தான் மாத்திரை தங்கும், அங்கேயே கிடந்து புண்ணாக்கும். சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று கேட்டாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனை. இருமல் இல்லாமலேயே நுரையீரலுக்குள் போகிறவர்களும் உண்டு.

நைட்_டியூட்டி எழுதியது:

ஸ்டாஃப் நர்ஸ், கோவை. அப்பாவுக்கு மூக்குக் குழாய் போட வேண்டிவந்தால் அல்லது இதைப் படிக்கிற வேறு யார் வீட்டிலாவது குழாய் இருந்தால்: காப்ஸ்யூல் மணிகளைக் குழாயில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். மருந்துகளை ஒன்றோடொன்று கலக்காமல், கஞ்சியோடும் கலக்காமல் தனித்தனியாகக் கொடுங்கள். கொடுக்கும் முன்பும், ஒவ்வொரு மருந்துக்கு இடையிலும், கடைசியிலும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், எத்தனை மி.லி. என்பதை வார்டில் எழுதி வாங்குங்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின் சஸ்பென்ஷன் (குலுக்கி ஊற்றுகிற திரவ மருந்து) என்றால் குழாய் உணவுக்கும் அதற்கும் இடைவெளி கட்டாயம். உணவோடு போனால் மருந்து சரியாக ஏறாமல் வலிப்பு திரும்ப வரும். அந்த பாட்டிலை நன்றாகக் குலுக்கியும் ஊற்ற வேண்டும். குலுக்காவிட்டால் மேலே தண்ணியாக இருக்கும்போது மருந்து குறைவாகப் போகும், அடிப்பகுதிக்கு வரும்போது அளவு மீறிப் போகும்.

மலைக்கோட்டை கேட்டது:

நல்ல இழை. எனக்கும் மூன்று சந்தேகம். (1) நெஞ்சு வலி வந்தால் ஆஸ்பிரினை மென்று சாப்பிடச் சொன்னார் எங்கள் இதய மருத்துவர். பூச்சு கெடாதா? (2) அம்மாவுக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., மலத்தில் முழு மாத்திரை போலவே வெளியே வருகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? (3) தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற மாத்திரை வருகிறதே, முடிந்தவரை எல்லாவற்றையும் அதற்கு மாற்றினால் என்ன?

கரந்தைக்காரி எழுதியது:

முதலாவது: கெடும், கெட வேண்டும் என்றுதான் மென்று சாப்பிடச் சொல்கிறார். மாரடைப்பில் ரத்தக்கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போது பூச்சு கரைந்து குடலில் ஏறும்வரை காத்திருக்க நேரம் இல்லை. தினமும் சாப்பிடும்போது பூச்சு தேவை, அந்த நேரத்தில் வேகம் தேவை. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி.யும் அப்படித்தான். விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்கின் அடியில் கரைந்தால் அங்குள்ள ரத்தக் குழாய் வழியாக நேராக ஏறும். ஆனால் கை கால் இழுத்து, வாய் கோணிப் பக்கவாதம் போலத் தெரிந்தால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அடைப்பா ரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவு என்றால் ஆஸ்பிரின் ஆளையே கொன்றுவிடும்.

இரண்டாவது: பயப்பட வேண்டாம். மருந்து கசிந்து போன பிறகு மிஞ்சுகிற கூழ்க் கூடு அது, அமுக்கினால் மெத்தென்று இருக்கும். ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் வகை ஒன்றிலும் இப்படி வரும். அது கரையாத ஓடு, அதில் லேசரால் போட்ட சின்னத் துளை வழியாக மருந்து வெளியே தள்ளப்படும், வெற்று ஓடு மலத்தில் வரும். அந்த நிஃபெடிபினை இடித்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும், வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள். உங்கள் அம்மாவுக்கு சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதைப் பரிசோதனையில் பாருங்கள். அது சரியாக இருந்தால் மாத்திரை வேலை செய்கிறது. ஆனால் நாள்பட்ட வயிற்றுப்போக்கு இருந்து, மாத்திரை கெட்டியாகவே வெளியே வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது: வேண்டாம். நுரை வருவது சோடியம் பைகார்பனேட்டால். பாராசிட்டமால் 500 மி.கி. நுரைக்கும் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 400 மி.கி. சோடியம் இருக்கும், அது 1 கிராம் உப்புக்குச் சமம். ஒரு நாளுக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது இருப்பவருக்கு நாளைக்கு நாலு மாத்திரை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ச்சலுக்கு ஒன்றிரண்டு நாள் என்றால் பரவாயில்லை, தினசரிக்கு வேண்டாம்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அச்செடுத்துக்கொண்டு, எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். பொறுமையாகப் பார்த்தார். பான்டோப்ரசோலுக்குப் பதில் வாயில் கரையும் லான்சோப்ரசோல், சாதாரண மெட்ஃபார்மின் மூன்று வேளை, ஆஸ்பிரின் தண்ணீரில் கரைகிறது, குளோபிடோக்ரலும் அட்டோர்வாஸ்டாடினும் தனியாக, லெவெடிராசெட்டம் சிரப் என்று மாற்றி எழுதிவிட்டார். குளுக்கோமீட்டர் அளவுகளைப் பார்த்துக் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டார். டாம்சுலோசினுக்குச் சிறுநீரக மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறார். விழுங்கும் பரிசோதனையும் ஆயிற்று. மெல்லிய திரவம் எதுவும் கூடாது, கெட்டிக் கூழ்ப் பதத்தில்தான் எல்லாம் என்றார்கள்.

இரண்டு சந்தேகம் பாக்கி. சிரப்பைக் கெட்டியாக்குவது எப்படி? பழைய எஸ்.ஆர். அட்டைகள் நிறைய இருக்கின்றன, வீணாகிறதே என்று அம்மா வருத்தப்படுகிறார்கள், பாதியாக உடைத்துக் கொடுத்துத் தீர்க்கலாமா?

பேச்சுப்பயிற்சி_மதுரை எழுதியது:

சிரப்பையும் கெட்டியாக்க வேண்டியது உங்களுக்குச் சொல்லியிருக்கிற அதே கெட்டிக் கூழ்ப் பதத்துக்குத்தான். மசித்த வாழைப்பழம் ஒரு ஸ்பூனில் சிரப்பை நன்றாகக் குழைத்துக் கொடுக்கலாமா என்று பரிசோதித்த தெரபிஸ்டிடம் கேளுங்கள். சர்க்கரை இருப்பதால் பழத்தின் அளவு ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். 5 மி.லி.யை இரண்டு மூன்று சின்ன வாயாகப் பிரித்துக் கொடுங்கள், ஒவ்வொன்றும் முழுதாக இறங்கியது தெரிந்த பிறகே அடுத்தது.

கரந்தைக்காரி எழுதியது:

உடைத்துக் கொடுக்க வேண்டாம் தம்பி. எஸ்.ஆர். மாத்திரையில் சிலவற்றுக்கு மட்டும் நடுவில் கோடு போட்டிருக்கும். ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலால் சக்சினேட் போன்றதை அந்தக் கோட்டில் பாதியாக்கலாம், அப்போதும் இடிக்கவோ மெல்லவோ கூடாது. உங்களுடையது சேர்க்கை மாத்திரை, அதிலுள்ள கிளிமிபிரைடை மருத்துவர் நிறுத்தியே விட்டார். அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள், மனசு ஆறும். வெட்டாத முழு அட்டைகளை பில்லோடு கொண்டுபோனால் பல கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எடுக்காவிட்டாலும் புது மருந்து இருக்கும் டப்பாவில் பழசை வைக்காதீர்கள், ராத்திரி அவசரத்தில் கை மாறிவிடும்.

சிரப்பை டீஸ்பூனில் அளக்காதீர்கள், வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சை மெடிக்கலில் வாங்கி, கோடு வரை இழுத்து அளந்து பழத்தில் விடுங்கள். அதை உடனே கழுவிக் காயவைக்க அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பாட்டில் திறந்த தேதியை லேபிள் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.